ஒளிவாள் உருவாகுமா?

மனிதன் முதலில் கல்லைத் தீட்டினான். பிறகு செம்பைத் தீட்டினான்; வெண்கலத்தைத் தீட்டினான்; இரும்பைத் தீட்டினான். தீட்டத் தீட்டக் கூர்மை ஏறியது. ஆசை மட்டும் அடங்கவில்லை. தீட்டவே வேண்டாத, மழுங்காத, துருப்பிடிக்காத, எடையே இல்லாத வாள் ஒன்று கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினான். அந்த எண்ணத்திற்கு அறிவியல் புனைகதைகள் கொடுத்த உருவமே ஒளிவாள்.

1977-ஆம் ஆண்டு மே மாதம் ஜார்ஜ் லூக்காஸ் இயக்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வெளிவந்தது. டார்ச் விளக்கு அளவுள்ள ஒரு கைப்பிடி. பொத்தானை அழுத்தினால் மூன்றடி நீளத்திற்கு ஒளி எழுந்து நிற்கும். இரும்புக் கதவும் அதன் முன் வெண்ணெய்தான். எதிரியின் ஒளிவாளோடு மோதினால் பொறி பறக்கும். இதுதான் அப்படத்தில் கண்ட ‘லைட்சேபர்’. உண்மையில் கதாநாயகனின் கைப்பிடி, பழைய புகைப்படக் கருவியொன்றின் பளிச்சொளி விளக்குப் பிடியைக் கொண்டு செய்யப்பட்டது. அந்த ‘உம்ம்’ என்னும் ரீங்காரத்தை ஒலிக் கலைஞர் பென் பர்ட் திரைப்படம் ஓட்டும் கருவியின் மோட்டார் ஓசையையும், தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலையும் கலந்து உண்டாக்கினார். இருந்தும் என்ன? தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் விளக்குமாற்றுக் குச்சியைக் கையில் பிடித்து, வாயால் அந்த ரீங்காரத்தை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்!

இயற்பியல் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் என்னை நோக்கி இரண்டு கேள்விகள் வரும். “படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” என்பது பெரியவர்கள் கேட்பது. “அண்ணே, அந்த லைட்டுக் கத்தி நெசமாவே வருமா?” என்பது சிறுவர்கள் கேட்பது. முதல் கேள்விக்கு விடை கூறும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. இரண்டாவது கேள்விக்கு, நம் பேராசிரியர்கள் மூன்றாண்டுகளாகக் கற்பித்ததை வைத்துக்கொண்டு விடை காண முயல்கிறேன். சிறுபிள்ளைக் கேள்விதானே என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்தக் கேள்வி என்னை எங்கள் வீட்டுத் திண்ணை வரை அழைத்துச் சென்றது.

ஒளிக்கு நிற்கத் தெரியாது

ஒளிவாள் வாளாக வேண்டுமானால் அதனிடம் நான்கு குணங்கள் இருக்க வேண்டும். மூன்றடியில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். மற்றொரு வாளோடு மோத வேண்டும். இரும்பை வெட்டும் ஆற்றல் அந்தக் கைப்பிடிக்குள்ளேயே அடங்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நிற்பது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. தடுக்க ஒரு பொருள் இல்லையென்றால் அது போய்க்கொண்டேயிருக்கும். 1969-இல் அப்பல்லோ 11 பயணத்தில் நிலவுக்குச் சென்றவர்கள், வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிப் பலகை ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டுச் சுமார் இரண்டரை நொடியில் திரும்பி வருகிறது. நிலவு வரை ஓடித் திரும்பும் ஒன்றை, ‘மூன்றடியில் நில்’ என்றால் அது கேட்குமா? நுனியில் ஒரு கண்ணாடியை வைத்துத் தடுக்கலாம் என்பீர்கள். அந்தக் கண்ணாடியைத் தாங்க ஒரு கம்பி வேண்டும். கம்பி வந்தபின் அது பழைய வாளாகவே ஆகிவிடுகிறது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரிவது. ஓட்டு வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூரையின் கண்ணாடி ஓட்டின் வழியே காலை வெயில் ஒரு தூண் போல் இறங்கும். அம்மா வீடு பெருக்கும்போது அந்தத் தூண் நன்றாகத் தெரியும். தூசி அடங்கியதும் மங்கிவிடும். நாம் கண்டது ஒளியின் பாதையில் இருந்த தூசியைத்தான். தூசி சிதறடித்த ஒளி நம் கண்ணுக்கு வந்தது. சிதறல் இல்லையேல் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒளிக்கற்றை இல்லவே இல்லை. ஒளிச்சிதறலை ஆராய்ந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர் என்பதை இங்கே பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொழிற்சாலைகளில் எஃகுத் தகட்டை அறுக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது கார்பன் டைஆக்சைடு லேசர். அதை 1964-இல் உருவாக்கியவர் மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அது தருவது அகச்சிவப்பு ஒளி. மனிதக் கண்ணுக்கு அறவே தெரியாது. பளபளப்பது வெட்டுவதில்லை, வெட்டுவது பளபளப்பதில்லை!

மூன்றாவது, மோதுவது. இரவில் இரண்டு டார்ச் விளக்குகளை எடுத்து, ஒன்றின் ஒளியை மற்றொன்றின் குறுக்கே வீசிப் பாருங்கள். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஊடுருவிச் சென்றுவிடும். ஒளித்துகள்கள் ஒன்றோடொன்று மோதவே மோதாதா என்றால், மிக மிக அரிதாக மோதும். அதற்கான சான்றை ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் 2017-இல் வெளியிட்டார்கள். அதற்கு அவர்களுக்கு 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள இயந்திரம் தேவைப்பட்டது. 2013-இல் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒளித்துகள்கள் இரண்டைச் சேர்ந்தே செல்லும்படி செய்தபோது செய்திகளில் ஒளிவாளின் பெயர் அடிபட்டது. ஆனால் அந்தச் சேர்க்கை நிகழ்ந்த இடம், கடுங்குளிரில் வைக்கப்பட்ட ரூபிடியம் அணுக்களின் மேகத்திற்குள்ளே. அந்த மேகத்தையும் அதைக் குளிர்விக்கும் கருவிகளையும் இடுப்பில் கட்டிக்கொண்டு போருக்குப் போக முடியாது.

அப்பாவின் பட்டறையில்

நான்காவது குணத்தை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்டிருக்கிறேன். என் தந்தை வெல்டிங் பட்டறைத் தொழிலாளி. விடுமுறையில் அவருக்கு உதவியாக நிற்பேன். கேஸ் கட்டிங் செய்யும்போது அவர் கையில் இருக்கும் டார்ச்சின் நுனியில் நீல நிறத்தில் ஒரு சிறு கூம்பு நிற்கும். அதன் வெப்பம் 3,000 டிகிரிக்கு மேல். அவ்வளவு வெப்பம் இருந்தும் தொட்டவுடன் இரும்பு வெட்டுப்படுவதில்லை. “செவக்குற வரைக்கும் பொறுக்கணும்டா. அவசரப்பட்டா அது வெட்டாது” என்பார் அப்பா. இரும்பு சிவந்த பிறகு ஆக்சிஜன் பிடியை அழுத்துவார். அப்போது இரும்பே எரியத் தொடங்கிப் பொறியாகக் கொட்டும். வெட்டு தானாக ஓடும்.

‘பொறுக்கணும்’ என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லில் ஒளிவாளின் பெரிய சிக்கல் அடங்கியிருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் இரும்புக் கம்பி. அதன் ஊடே 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒளிவாள் செல்ல வேண்டும். அப்படியானால் சுமார் 50 கிராம் இரும்பு உருக வேண்டும். ஒரு கிராம் இரும்பைச் சூடேற்றி உருக்க ஏறத்தாழ 1,250 ஜூல் ஆற்றல் தேவை. ஆக மொத்தம் 60 ஆயிரம் ஜூலுக்குச் சற்று மேல்.

இது ஒன்றும் பெரிய தொகையன்று. ஒரு நல்ல பெரிய டார்ச் செல்லுக்குள் ஏறக்குறைய இவ்வளவு ஆற்றல் இருக்கிறது. அது பல மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தரும் ஆற்றல். திரைப்பட வீரனோ கம்பியைப் பத்தில் ஒரு நொடியில் வெட்டி எறிகிறான். 60 ஆயிரம் ஜூலைப் பத்தில் ஒரு நொடியில் தர வேண்டுமானால் 6 லட்சம் வாட் திறன் வேண்டும். அதாவது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 600-ஐ ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். ஆற்றல் வேறு, திறன் வேறு என்று முதலாண்டில் மனப்பாடம் செய்தோமே, அந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது இந்தக் கணக்குதான்.

‘சரி, ஒளி வேண்டாம், பிளாஸ்மாவால் செய்யலாமே’ என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வாயுவை மிகவும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து பொருளின் நான்காம் நிலை உண்டாகிறது. இதற்குப் பிளாஸ்மா என்று 1928-இல் பெயரிட்டவர் இர்விங் லாங்மியூர். மின்னல் பிளாஸ்மா, கதிரவனும் பிளாஸ்மா. பட்டறைகளில் உள்ள பிளாஸ்மா கட்டிங் இயந்திரத்தின் நுனியில் 20,000 டிகிரி வரை வெப்பம் எழுகிறது. கதிரவனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். பிளாஸ்மா ஒளிரும், வெட்டும். ஒளியைக் காட்டிலும் இது வாளுக்கு நெருங்கிய உறவு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கட்டி வைப்பார் யார்? சூடான வாயு விரியும், கலையும். அதைப் பிடித்து நிறுத்தக் காந்தப் புலம் உண்டு. குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989 முதல் ‘ஆதித்யா’ என்னும் கருவி இயங்கியது. அதில் பிளாஸ்மா ஒரு வளையமாகச் சுழன்றது. ஏன் வளையம்? நேரான குழலாக வைத்தால் இரு முனைகளிலும் பிளாஸ்மா கசிந்துவிடும். வளையத்திற்கு முனையே கிடையாது. வாளுக்கோ முனைதான் உயிர்! அன்றியும், அவ்வளவு வெப்பம் கைப்பிடிக்கு மேலே நின்றால் எதிரிக்கு முன்னதாகப் பிடித்தவன் கைதான் வேகும்.

இத்தனைக்குப் பிறகும் மனிதன் சும்மா இருக்கவில்லை. கனடாவின் ஜேம்ஸ் ஹாப்சன் என்பவரும் அவர் குழுவினரும் 2020-இல் ஒரு கருவியைச் செய்து காட்டினார்கள். சமையல் எரிவாயு போன்றதோர் எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து, கலையாத நீண்ட தீச்சுடராக எழும். சுமார் 2,200 டிகிரி வெப்பம். உலோகத் தகட்டை உருக்கித் துளைக்கும். வாயுக் கலன்களை முதுகுப் பையில் சுமக்க வேண்டும். பார்வைக்கு ஒளிவாளேதான். அதன் காணொளியை அப்பாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “நம்ம டார்ச்சுதான், கொஞ்சம் நீட்டமா வச்சிருக்கான்” என்றார். அதற்கு மேல் ஒரு விமர்சனம் தேவையில்லை. தீச்சுடர் இரண்டு மோதினால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். வாள் வீச்சைத் தடுக்க அதனால் ஆகாது.

எனவே, திரையில் கண்ட அதே உருவில், நிற்பதும் மோதுவதும் வெட்டுவதுமாகிய ஒளிவாள் இன்று நாம் அறிந்த இயற்பியலின்படி இயலாது என்பதே என் முடிவு. ஆனால் கட்டுரை இங்கே முடியவில்லை.

அப்பாயியின் கண்

என் அப்பாயிக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. அது மெல்லக் கண்ணுக்கு ஏறியது. விழித்திரையில் வலுவற்ற புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியத் தொடங்கின. ஒரு கண்ணின் பார்வை போனபிறகுதான் வீட்டில் எங்களுக்கே தெரிந்தது. அப்பாயி சொல்லவில்லை. பூக்கட்டுவதற்குக் கண் வேண்டியதில்லை என்பதால் எவரும் கவனிக்கவும் இல்லை. பேருந்தின் எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க ஆரம்பித்தபோதுதான் அப்பாவுக்கு ஐயம் வந்தது.

கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். போன பார்வை திரும்பாது, இருக்கும் கண்ணைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். சொட்டு மருந்து விட்டு, கருவியின் முன்னே மோவாயைப் பதித்து உட்கார வைத்தார்கள். பச்சை ஒளி மின்னி மின்னி மறைந்தது. அரை மணி நேரத்தில் எழுந்து வந்த அப்பாயி, “கத்தியே வைக்கலையேடா! பச்சை பச்சையா மின்னுச்சு, அம்புட்டுத்தான்” என்றார். அந்த மின்னல் ஒவ்வொன்றும் விழித்திரையில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டிருக்கிறது. புது இரத்தக் குழாய்கள் வளரத் தேவையான தூண்டுதல் அதனால் குறைந்துவிடுகிறது. சிகிச்சைக்கு இன்னும் சில முறை போய் வந்தோம். இன்று அப்பாயி ஒரு கண்ணால் பேருந்து எண்ணைத் தாமே படித்து ஏறுகிறார்.

வீடு திரும்பி நான் யோசித்தது இதுதான். அந்த ஒளி கருவிழியைக் கடந்தது, லென்சைக் கடந்தது, அவற்றை ஒன்றும் செய்யாமல் உள்ளே சென்று, பின்னால் உள்ள விழித்திரையை மட்டும் தொட்டது. முன்னாலிருப்பதைத் தீண்டாமல் பின்னாலிருப்பதைச் சுடும் வாளை எந்தக் கொல்லனாவது அடித்ததுண்டா? ஒளி கண்ணாடி போன்ற பொருளில் நிற்காது. அதை விழுங்கும் பொருளில் மட்டுமே தன் வேலையைச் செய்யும். ‘நிற்காது’ என்று நாம் குறை கூறினோமே, அந்தக் குறைதான் என் அப்பாயியின் கண்ணைக் காத்தது.

இந்தச் சிகிச்சையின் பிறப்பும் வியப்பானது. 1945-இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்கள் விழித்திரை சுட்டு மருத்துவரிடம் வந்தார்கள். ஜெர்மானிய மருத்துவர் கெர்ட் மேயர் ஷ்விக்கராத், ‘கெடுக்கும் ஒளியை அளவோடு செலுத்தினால் குணப்படுத்தாதோ?’ என்று எண்ணினார். கதிரவனின் ஒளியையே கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்யத் துணிந்தார். பின்னர் 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியதும், அந்த வேலை லேசரின் கைக்கு வந்தது.

சென்னையில் 1929-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசனையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1981 நவம்பரில் விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றார். அதன்மேல் எக்சைமர் லேசரின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார். கருகாமல், ஓரம் தீயாமல், செதுக்கியது போன்ற வெட்டு விழுந்தது. வெப்பம் பரவுவதற்கு முன்பே அந்த ஒளி மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்து அவற்றை வெளியே எறிந்துவிடுகிறது. ஒரு தலைமயிரின் மேலே படிக்கட்டு செதுக்கியது போல் வெட்ட அதனால் முடிந்தது. அவரோடு ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோர் சேர்ந்து கண்ட இந்த முறையே, கருவிழியைச் செதுக்கி மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசர் சிகிச்சைக்கு அடிப்படை. அதற்காக 2013-இல் அமெரிக்க அதிபர் ஒபாமா அவர்களுக்குத் தேசியப் பதக்கம் வழங்கினார்.

வாள் யார் கையில்?

ஒளியை ஆயுதமாக்க எவரும் முயலவில்லை என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2025 ஏப்ரலில் ஆந்திர மாநிலம் கர்நூலில் 30 கிலோவாட் லேசர் ஆயுதத்தைச் சோதித்து, ஆளில்லா விமானத்தை வீழ்த்தியது. அது ஒரு பீரங்கிக்குச் சமமான பெரிய கருவி; இடுப்பில் செருகும் வாளன்று.

ஆனால் உலகம் ஓர் இடத்தில் கோடு கிழித்திருக்கிறது. மனிதரின் கண்ணை நிலையாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களைத் தடை செய்யும் உடன்படிக்கை 1995-இல் வியன்னாவில் நிறைவேறியது. 1998-இல் நடைமுறைக்கு வந்தது. படைகள் பெருமளவில் பயன்படுத்துவதற்கு முன்னரே ஓர் ஆயுதத்தைத் தடுத்தது, மனித வரலாற்றில் அடிக்கடி நடக்காத நற்செயல். போர்க்களத்தில் துப்பாக்கிச் சூட்டை ஒப்புக்கொண்ட நாடுகள்கூடக் கண்ணைப் பறிப்பதை ஒப்பவில்லை. அப்பாயியின் கண் முன்னே மின்னிய அந்தப் பச்சை ஒளியை நினைக்கும்போது, அந்த உடன்படிக்கையின் பொருள் எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது.

தோழர்களே! ஒளிவாள் வருமா என்று கேட்கும் தம்பி தங்கையரை ‘வராது, போ’ என்று விரட்டிவிடாதீர்கள். வாளாக ஏன் வராது என்பதைச் சொல்லுங்கள். ஒளி நிற்காது, மோதாது, பொருளைத் தேர்ந்தே தீண்டும் என்று சொல்லுங்கள். வாளுக்கு ஆகாத அந்தக் குணங்களே அதை மருத்துவரின் கைக்கு உரியதாக ஆக்கின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவருள் ஒருவராவது நாளை நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் லேசர் விளக்கின் முன்னே வந்து நிற்பார். அவருடைய வீட்டிலும் ஓர் அப்பாயி இருப்பார். பேருந்தின் எண் தெரியவில்லை என்பதை அவரும் யாரிடமும் சொல்லாமல் இருக்கக்கூடும். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களை ஆண்டுக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை அவருக்கு இன்றே சொல்லி அனுப்புங்கள்.